பதினோராம் கட்டம்

கப்பல் காலை ஒன்பது மணிக்குத் துறைமுகத்தில் வந்து நின்றது. மாலை நான்கு மணிக்குக் கிளம்பிவிடும். நடுவில் கிடைக்கிற ஏழு மணி நேரத்தில், கப்பலில் கொடுத்த துண்டறிக்கை சொன்னபடி, பயணிகள் அந்த நகரத்தின் ஐந்நூறு ஆண்டு வரலாற்றைக் கண்டு களித்துவிட வேண்டும். கணக்குப் போட்டால் ஆண்டுக்கு ஒரு நிமிடம்கூடத் தேறாது. ஆனால் பெரும்பாலானவர்கள் முதல் கால் மணியிலேயே வரலாற்றை முடித்துக்கொண்டு தொப்பிக் கடைக்கு வந்துவிட்டார்கள்.

தலைமை எழுத்தர் அந்த ரகம் இல்லை. பதிவு அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் உழைத்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்று நான்கு வருடமாகியும் பதவி அவரை விட்டு இறங்கவில்லை. வீட்டுக்குக் குழாய் ரிப்பேர் செய்ய வருகிறவன் தாமதமாக வந்தால்கூட, காரணத்தை எழுத்தில் கேட்பார்.

அலுவலகத்தில் அவர் முதுகுக்குப் பின்னால் புழங்கிய பெயர் ‘பதினொண்ணு’. அங்கே இருந்த விண்ணப்பப் படிவத்தில் பதினோராம் கட்டம் ‘நோக்கம்’. நகல் கேட்டு வருகிறவர் அது எதற்கு என்று அதில் எழுத வேண்டும். பாதிப் பேர் எழுத மாட்டார்கள். எழுதினவர்களில் பாதிப் பேர் அவருக்குப் பிடித்த மாதிரி எழுத மாட்டார்கள். ஜன்னல் வழியாகப் படிவம் திரும்பி வரும். “பதினொண்ணைப் பாருங்க. நாளைக்கு வாங்க.” ஒரு பெரியவர் அப்படி ஒன்பது தடவை வந்தார். பத்தாவது தடவை அவருடைய மகன் வந்தான், பெரியவரின் இறப்புச் சான்றிதழ் கேட்டு. அவனும் பதினொன்றைக் காலியாக விட்டிருந்தான்.

இந்தக் கப்பல் பயணம் மகளின் ஏற்பாடு. தலைமை எழுத்தரும் மனைவியும், கூடவே மனைவியின் தங்கையும் தங்கையின் கணவரும். அந்தச் சகலைக்கு ஃபிரிட்ஜ் கடை. அவருக்கு இது நான்காவது கப்பல். அதை அவர் யாரிடமும் மறைத்ததில்லை.

“நான் சொல்றதைக் கேளுங்க சகலை,” என்றார் அவர், படகுத்துறையில் இறங்கியதும். “கொடி பிடிச்சுக்கிட்டு ஒரு பொண்ணு நிக்குது பாருங்க. பின்னாடியே போனா எல்லாத்தையும் காட்டி, கரெக்டா கொண்டுவந்து விட்டுடும். தலையைக் கழட்டி வச்சுட்டு நடக்கலாம்.”

“கொடிக்குப் பின்னால போறதுக்கு நான் என்ன ஊர்வலமா?” என்றார் தலைமை எழுத்தர். கையில் துண்டறிக்கையோடு வந்த வரைபடம். அதில் பன்னிரண்டு இடங்களுக்கு எண் போட்டிருந்தது. அவர் ஏற்கெனவே ஒவ்வோர் எண்ணுக்கு எதிரிலும் பென்சிலால் நேரம் குறித்திருந்தார். “ஒழுங்கா ஒண்ணுல ஆரம்பிச்சு பன்னிரண்டுல முடிக்கப்போறோம்.”

“பன்னிரண்டுல பாத்ரூம் இருக்கான்னு பாத்தீங்களா?” என்று மனைவி கேட்டாள். அவர் ஒன்றாம் எண்ணை நோக்கி நடந்தார்.

ஒன்று, பீரங்கி. அதன் வாயில் யாரோ குளிர்பானப் பாட்டிலைச் செருகிவிட்டுப் போயிருந்தார்கள். இரண்டு, ஒரு சுவர். அது மூன்று தடவை எரிக்கப்பட்டதாகப் பலகை சொன்னது. அதன் மறுபக்கத்தில் யாரோ வீட்டுத் துணி காய்ந்துகொண்டிருந்தது. மூன்று, மணிக்கூண்டு. கடிகாரம் பத்து ஐந்தில் நின்றுபோயிருந்தது. அடிவாரத்துக் கடைகளில் விற்ற குட்டி மணிக்கூண்டுகள் அத்தனையிலும் அதே பத்து ஐந்து. நான்கும் ஐந்தும் பழைய கிடங்குகள். ஒரு காலத்தில் மூட்டை மூட்டையாகச் சரக்கு இறங்கிய இடத்தில் இப்போது மணக்கும் மெழுகுவர்த்தி விற்றார்கள். கருங்கல் பாவிய தெருவில், நான்கு பெரிய கப்பல்களின் பயணிகள், ஒரே மாதிரித் தொப்பியோடு, ஒருவரை ஒருவர் படம் எடுக்க விடாமல் மறைத்துக்கொண்டு நகர்ந்தார்கள்.

“இந்த ஊர்ல ஊர்க்காரங்க யாராவது இருக்காங்களாடி?” என்று மனைவி தங்கையிடம் கேட்டாள்.

“இருந்தா நம்மளைப் பார்த்ததும் உள்ள போய்க் கதவைச் சாத்தியிருப்பாங்கக்கா.”

ஏழாம் எண், பழைய சுங்க மாளிகை அருங்காட்சியகம். பாசி படிந்த தூண்கள், உயரமான ஜன்னல்கள், கிழக்கே ஒரு வாசல், மேற்கே ஒரு வாசல். கிழக்கு வாசலில் ஈ காக்கை இல்லை. மேற்கு வாசலில் இருபது பேர் வரிசையில் நின்றார்கள்.

தலைமை எழுத்தர் வரிசையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. இறங்கியதிலிருந்து அவருக்குப் புரிகிற மாதிரி அந்த ஊர் காட்டிய முதல் காட்சி அதுதான்.

“வரிசை இருக்கிற இடத்துலதான் விஷயம் இருக்கும்,” என்றார்.

“கிழக்கு வாசல்னு போட்டிருக்கே?” என்றார் சகலை, வரைபடத்தை எட்டிப் பார்த்து.

“போட்டிருப்பான். ஆள் ஏன் இல்லை? யோசிங்க.”

“எனக்குக் கால் வலிக்குது சகலை. நாங்க இப்படிப் போறோம். ஒரு மணிக்கு மணிக்கூண்டுல பாப்போம்.” சகலையும் தங்கையும் கிழக்கே போனார்கள்.

வரிசை மெதுவாக நகர்ந்தது. அதில் நின்றவர்களின் காலடியில் பெட்டிகளும் பைகளும் இருந்ததை மனைவி கவனித்தாள். “எல்லாரும் மூட்டை முடிச்சோட மியூசியம் பாக்க வந்திருக்காங்களே?” என்றாள். உள்ளே பத்திரமாக வைக்க அறை இருக்கும் என்றார் அவர்.

ஜன்னலுக்குள் நாற்பது வயதுப் பெண் எழுத்தர் ஒருத்தி. முகத்தைத் தூக்கிப் பார்க்காமலே இரண்டு படிவங்களைத் தள்ளினாள். “ஆளுக்கு ஒண்ணு. கப்பல் அட்டையைச் சேர்த்து வைங்க.”

படிவம்! தலைமை எழுத்தர் பேனாவைத் திறந்த விதத்தைப் பார்த்திருந்தால், நெடுநாள் வெளியூரில் கிடந்தவர் வீட்டுச் சாப்பாட்டைக் கண்டது போல் என்று சொல்லியிருப்பீர்கள். தனக்குக் கீழே வேலை பார்த்தவர்களுக்கு முப்பத்து நான்கு வருடமாக அவர் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்று உண்டு: படிவத்தின் தலைப்பு வெறும் அலங்காரம், உயிர் கட்டங்களில்தான். ஆகவே தலைப்பை அவர் படிக்கவில்லை. கட்டங்களை மணிமணியாக நிரப்பினார். பெயர், கப்பல், அறை எண், பெட்டிகளின் எண்ணிக்கை. பதினோராம் கட்டத்துக்கு வந்தபோது உடம்பு சிலிர்த்தது. ‘காரணம்’ என்று கேட்டிருந்தது. அவர் அழகாக எழுதினார்: ‘வரலாற்று ஆர்வம்’. மனைவியின் படிவத்தையும் அவரே நிரப்பி, விரலால் இடத்தைக் காட்டினார். மனைவி, முப்பத்தெட்டு வருடப் பழக்கத்தில், காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

பெண் எழுத்தர் படிவங்களைப் பார்த்தாள். பதினோராம் கட்டத்தில் ஒரு கணம் கண் நின்றது. பிறகு தோளைக் குலுக்கிக்கொண்டு முத்திரை குத்தினாள். இருவரின் கப்பல் அட்டைகளையும் இழுப்பறையில் போட்டாள். இரண்டு ரசீதுகள் வெளியே வந்தன.

“அவ்வளவுதான். அடுத்தவங்க.”

“அட்டை?” என்றாள் மனைவி.

“திரும்பும்போது குடுப்பாங்க. எல்லா இடத்துலயும் அதான் முறை,” என்றார் அவர்.

பக்கத்துக் கூடத்தின் கதவு திறந்திருந்தது. உள்ளே நுழைந்த தலைமை எழுத்தர் அசந்து நின்றார். உத்தரம் வரை உயர்ந்த மர அலமாரிகள். கயிறு கட்டிய கோப்புக் கட்டுகள். மெல்ல ஆடிச் சுழலும் மின்விசிறி. ஓரம் தேய்ந்த மேசை, காது உடைந்த தேநீர்க் கோப்பை, போன வருடத்து நாட்காட்டி. நாற்காலியில் ஓர் ஆள், கண்ணை மூடி, கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

“பாரு, பாரு! அந்தக் காலத்து ஆபீசை அப்படியே வச்சிருக்கான். அந்தப் பொம்மையைப் பாரேன், உயிர் இருக்கிற மாதிரியே செஞ்சிருக்கான்.”

“பொம்மை கொட்டாவி விடுதுங்க.”

தலைமை எழுத்தர் உற்றுப் பார்த்தார். “நடிகர். இப்பல்லாம் மியூசியத்துல ஆளை வச்சு நடிக்க வைக்கிறாங்க.” இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போனார். “ஆனா சரியாப் பண்ணலை. எழுத்தர்னா தூங்கும்போதும் ஒரு கை கோப்பு மேல இருக்கணும். யாராவது வந்தா பாத்துக்கிட்டிருந்த மாதிரி இருக்கும்ல? இவன் பழகலை.”

நடிகர் ஒரு கண்ணைத் திறந்தார். “என்ன வேணும்?”

“ஒண்ணும் வேண்டாம், நீங்க நடிங்க,” என்று பெருந்தன்மையாகச் சொல்லி, மனைவியை மேசைக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார். நடிகர், இந்த மாதிரிப் பைத்தியங்கள் கப்பலில் வருவது சகஜம் என்பது போல், மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். இந்தத் தடவை ஒரு கையைக் கோப்பு மேல் வைத்தார்.

ஒரு மணிக்கு மணிக்கூண்டுப் பக்கத்து உணவகத்தில் நான்கு பேரும் உட்கார்ந்தார்கள்.

“மூணு ரூம். ஒரு நங்கூரம், ரெண்டு தராசு, யாரோ ஒரு கவர்னரோட நாற்காலி. பத்து நிமிஷத்துல முடிஞ்சுது,” என்றார் சகலை.

“அவ்வளவுதான் பாத்தீங்களா? முக்கியமான பகுதியைக் கோட்டை விட்டுட்டீங்க. நாங்க பாத்தது ஒரு முழு ஆபீஸ். ஆளோட.” தலைமை எழுத்தர் கைப்பேசியை நீட்டினார்.

சகலை படத்தைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். “இவர் பின்னாடி இந்த மாசத்து வருகைப் பதிவேடு தொங்குதே சகலை?”

தலைமை எழுத்தர் கைப்பேசியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

“உள்ள போக என்ன குடுத்தாங்க?” என்றார் சகலை. ரசீதை வாங்கிப் படித்தார். இன்னொரு முறை படித்தார். பிறகு அதை மேசையில் வைத்து, மேலே உப்புக் குப்பியை வைத்தார், காற்றில் பறந்துவிடாமல்.

“‘மேற்படி பயணி தம் விருப்பத்தின் பேரில், இத்துறைமுகத்திலேயே பயணத்தை முடித்துக்கொண்டார். கப்பலில் மீண்டும் ஏற உரிமை இல்லை.’ நாலு கப்பல் போயிருக்கேன் சகலை. இப்படி ஒருத்தர் வேலை மெனக்கெட்டு வரிசையில நின்னு இறங்கினதை நான் பார்த்ததில்லை.”

“அத்தான்...” என்று ஆரம்பித்த தங்கை, சிரிப்பு வந்துவிட்டதால் தண்ணீர் குடித்தாள்.

மனைவி சிரிக்கவில்லை. கணவரையும் பார்க்கவில்லை. கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

அவர்கள் மேற்கு வாசல் துறைமுக அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ஜன்னல் மூடியிருந்தது. உணவு இடைவேளை, இரண்டரை வரை. இரண்டே முக்காலுக்குத் திறந்தது. பெண் எழுத்தர் ஜன்னல் கண்ணாடியைத் துடைத்தாள். மேசையைத் துடைத்தாள். மறுபடி கண்ணாடியைத் துடைத்தாள். கண்ணாடியை இரண்டாவது முறை துடைப்பது எதற்கு என்று இந்த உலகத்தில் தலைமை எழுத்தரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை.

“ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு,” என்றார்.

“எங்க தரப்புல எந்தத் தப்பும் இல்லையே. படிவம் சுத்தமா இருக்கு. இவ்வளவு சுத்தமா நான் பார்த்ததே இல்லை.”

“ரத்து பண்ணணும்.”

“ரத்து அதிகாரிதான் பண்ணணும். லீவுல இருக்கார். நாளைக்கு வாங்க.”

“நாலு மணிக்குக் கப்பல் போயிடும்மா!”

“அதுல நீங்க போகலைன்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க? பெட்டியை இறக்கச் சொல்லி ஃபோன்கூடப் பண்ணியாச்சு.” ஐந்நூறு ஆண்டுப் பழமையான அந்தத் துறைமுகத்தில் அன்று சுறுசுறுப்பாக நடந்த ஒரே வேலை அதுதான்.

அவர் முதலில் கோபப்பட்டார். மேலிடத்துக்கு எழுதுவேன் என்றார். அவள் மேலிடத்தின் முகவரி ஒட்டியிருந்த பலகையைக் காட்டினாள். பிறகு உறவு கொண்டாடினார். “நானும் உங்க மாதிரிதாம்மா, முப்பத்து நாலு வருஷம் ஜன்னலுக்குப் பின்னாடி...”

“அப்ப உங்களுக்கே தெரிஞ்சிருக்குமே.”

பிறகு வயதைச் சொன்னார், ரத்த அழுத்தத்தைச் சொன்னார், மாத்திரை பெட்டியில் இருப்பதைச் சொன்னார். அவள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டுச் சொன்னாள்: “கையெழுத்துப் போடத் தெரியுதில்ல. படிச்சுப் பார்க்கத் தெரியாதா?”

அது தலைமை எழுத்தரின் சொந்த வாக்கியம். சொல் மாறாமல், இழுத்துப் பேசும் இழுப்பு மாறாமல், அவருடையது. அவருக்கு அந்த ஒன்பது தடவைப் பெரியவர் நினைவுக்கு வந்திருக்கலாம் என்று நல்லெண்ணம் உள்ளவர்கள் நினைப்பார்கள். வரவில்லை. அவருக்கு வந்த யோசனை வேறு: பிடிக்காதவரைத் திருப்பி அனுப்ப ஆயிரம் வழி வைத்திருக்கிற ஜன்னலில், வேண்டியவரை உள்ளே விட ஒரு வழியாவது இருக்கும். நானாக இருந்தால் என்ன செய்வேன்?

“பிழையான படிவம் செல்லாது,” என்றார் மெதுவாக. “செல்லாத படிவத்தை ரத்து பண்ண அதிகாரி வேண்டாம். ஜன்னலிலேயே திருப்பலாம்.”

அவள் முதன்முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தாள். தொழில்காரரைத் தொழில்காரர் பார்க்கிற பார்வை. படிவத்தை எடுத்து அவர் பக்கம் திருப்பினாள். “பிழையைக் காட்டுங்க.”

அவர் தேடினார். பெயர் சரி. அறை எண் சரி. அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை, ஒரு புள்ளி விடுபடவில்லை. சுவர்க் கடிகாரம் மூன்று ஐந்து காட்டியது. கட்டம் கட்டமாக விரலை இறக்கிக்கொண்டு வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

“பதினொண்ணு,” என்றார். “பயணத்தை முடிச்சுக்கிறதுக்கு ‘வரலாற்று ஆர்வம்’ ஒரு காரணம் ஆகாது.”

“ஆகாதுதான். அப்பவே நினைச்சேன். ஆனா அதை நீங்கதான் எழுதிக் குடுக்கணும். மாதிரி அங்க ஒட்டியிருக்கு.”

கண்ணாடிக்குப் பின்னால் மஞ்சள் காகிதத்தில் மாதிரிக் கடிதம் இருந்தது: ‘நான் படிவத்தைப் படித்துப் புரிந்துகொள்ளாமல் தவறாக நிரப்பினேன் என்று ஒப்புக்கொள்கிறேன்.’ கீழே இரண்டு சாட்சிகளின் கையெழுத்து.

நாற்பதாயிரம் பேரையாவது அதே குற்றத்துக்காகத் திருப்பி அனுப்பிய கை, அந்த வாக்கியத்தை எழுத ஆறு நிமிடம் எடுத்துக்கொண்டது. எழுதிச் சகலையிடம் நீட்டினார். சகலை மூக்குக் கண்ணாடியைத் தேடினார். சட்டைப் பையில் இல்லை. கால்சட்டைப் பையில் இருந்தது. போட்டுக்கொண்டு உரக்கப் படித்தார்.

“‘நான் படிவத்தை... படித்து... புரிந்துகொள்ளாமல்...’ அருமையான கையெழுத்து சகலை. தேதி போடலையே?”

“அடியில இருக்கு.”

“ஆமாமா. இருக்கு.” சாவகாசமாகக் கையெழுத்துப் போட்டார். பிறகு கைப்பேசியில் ஒரு படம் எடுத்தார். “சாட்சிக்கும் ஒரு நகல் வேணும்ல?” தங்கையும் கையெழுத்துப் போட்டாள். மூன்று இருபது.

“உங்களுது?” என்று பெண் எழுத்தர் மனைவியைக் கேட்டாள். “ஆளுக்கு ஒரு கடிதம். உங்களுக்கும் கப்பலுக்குத் திரும்பணுமா, இல்ல இங்கேயே இருந்துக்கறீங்களா?”

சாதாரணக் கேள்விதான். வழக்கமாகக் கேட்கிறதாகத்தான் இருக்கும். ஆனால் மனைவி திரும்பி வெளியே பார்த்தாள். மேற்கு வாசலுக்கு அப்பால் வெயில் விழுந்த கருங்கல் தெரு, ஒரு மாடத்தில் யாரோ காயப்போட்ட போர்வை, அதற்குக் கீழே நிம்மதியாகப் படுத்திருந்த ஒரு நாய். தலைமை எழுத்தருக்கு அந்தப் பத்து விநாடி, கப்பல் போய்விடும் என்ற பயத்தைவிடப் பெரியதாக இருந்தது.

“என்னம்மா யோசனை?” என்றார்.

“இருங்க. படிச்சுப் பார்த்துக்கறேன்.” மாதிரிக் கடிதத்தை முதலிலிருந்து கடைசி வரை படித்தாள். “இது எனக்குப் பொருந்தாதே. படிவத்தை நான் நிரப்பலையே.”

“உங்களுக்கு எது நிஜமோ அதை எழுதுங்க,” என்றாள் பெண் எழுத்தர்.

மனைவி கணவரின் பேனாவை வாங்கினாள். எழுத ஆரம்பித்தாள். ஒரு வரியில் முடியும் என்று எல்லாரும் நினைத்தார்கள். பத்து வரி ஆயிற்று. பக்கத்தைத் திருப்பினாள். தலைமை எழுத்தர் கழுத்தை நீட்டினார். அவள் இடது கையால் மறைத்துக்கொண்டாள், பரீட்சை எழுதும் பள்ளிக்கூடப் பெண் மாதிரி.

“கப்பல்...” என்றார் அவர்.

“வரிசையில நிக்கும்போது இந்த அவசரம் இருந்துச்சா?”

பின்பக்கமும் முக்கால் நிரம்பியது. பெண் எழுத்தர் அதை வாங்கி, கூடத்திலிருந்து கோப்புக் கட்டோடு வந்த கொட்டாவிக்காரரையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, வரி வரியாகப் படித்தாள். ஓரிடத்தில் உச்சுக் கொட்டினாள். ஓரிடத்தில் கண்ணாடி வழியாகத் தலைமை எழுத்தரை ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி படித்தாள். கொட்டாவிக்காரர் பெருமூச்சு விட்டார். அவரை அன்று முழுக்க விழிக்க வைத்த ஒரே காகிதம் அது.

“இதுக்குச் சாட்சியே வேண்டாம்மா,” என்று சொல்லி முத்திரையை ஓங்கிக் குத்தினாள். இரண்டு அட்டைகளும் இழுப்பறையிலிருந்து வெளியே வந்தன.

நான்கு பேரும் ஓடினார்கள். மெழுகுவர்த்திக் கிடங்கு, நின்றுபோன கடிகாரம், எரிந்த சுவர், பீரங்கி என்று வரலாறு தலைகீழாக ஓடிப் பின்னால் போயிற்று. படகுத்துறையில் அவர்களுடைய இரண்டு பெட்டிகளும் அனாதையாக நின்றன. காவலாளி அட்டையை இயந்திரத்தில் வைத்தார். பச்சை விளக்கு எரிந்தது. “ஊர் பிடிக்கலையா சார்?” என்றார்.

மேல் தளத்தில் மூச்சு வாங்கி உட்கார்ந்தபோது நகரம் விலக ஆரம்பித்திருந்தது. சகலை பக்கத்து மேசைக்காரர்களிடம் கைப்பேசியைக் காட்டி ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். அவர்கள் இந்தப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். தலைமை எழுத்தருக்கு அதுகூடப் பெரிதாகப் படவில்லை.

“அப்படி என்ன எழுதின?” என்றார், கடலைப் பார்த்தபடி, பட்டும் படாமலும்.

“நடந்ததைத்தான்.”

“ரெண்டு பக்கமா? மியூசியம் விஷயம் ரெண்டு வரிதானே?”

“மியூசியம் கடைசியிலதான் வருது.”

நகரத்தின் மணிக்கூண்டு விரல் அளவுக்குச் சிறுத்துப்போயிருந்தது. “அது நிரந்தரக் கோப்பில போகும். தெரியுமா உனக்கு? யார் வேணாலும் எடுத்துப் படிக்கலாம்.”

“நல்லதாப்போச்சு. நீங்களும் ஒரு நகல் கேட்டு விண்ணப்பம் போடுங்க,” என்றாள் அவள், தொப்பியைச் சரிசெய்துகொண்டு. “பதினொண்ணுல எதுக்குன்னு ஒழுங்கா எழுதுங்க. இல்லைன்னா திருப்பி அனுப்பிடுவாங்க.”